ஏப்ரலில் வராதீர்கள்

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு கடிதங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று. வெளிநாட்டிலிருந்து யாராவது, காட்டு விலங்குகளைப் பார்க்க எந்தக் காலம் நல்ல காலம் என்று கேட்டு எழுதினால், அவர்களுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று முதலில் நைசாக விசாரிப்பேன். பிப்ரவரி என்றால் பிப்ரவரிக் கடிதம் போகும். வில்டபீஸ்ட் மான்கள் தெற்குச் சமவெளியில் குட்டி போடும் காலம், வருடத்தின் மிகச் சிறந்த காலம். ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட் கடிதம். அதே மான்கள் வடக்கே ஆற்றைத் தாண்டும், முதலைகள் காத்திருக்கும், வருடத்தின் மிகச் சிறந்த காலம். செப்டம்பரில் ஆற்றோரம் யானைக்கூட்டம், நவம்பரில் சிறுமழைக்குப் பிறகு புதுப்புல். அதெல்லாமும் மிகச் சிறந்த காலம்தான். பன்னிரண்டையும் எழுதியவர் எங்கள் முதலாளி பலாங்கியோ. மனிதர் எந்த மாதத்தின் மனமும் நோக விட்டதில்லை.

என் பெயர் அய்க்கா. அருஷாவில் மணிக்கூண்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிற அந்த அலுவலகத்தில் ஒன்பது வருடமாக முன்பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒன்பது வருடத்தில் காட்டுக்குள் நான் போனது இரண்டே தடவை. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஏப்ரல் கடிதம்தான் பலாங்கியோவின் உச்சம். "பசுமைக் காலம்" என்று தலைப்பு. அதாவது பெருமழை. கூட்டமே இருக்காது என்று ஒரு வரி. பாதி விடுதிகளை மூடிவிட்டால் கூட்டம் எங்கிருந்து வரும்? மண் வாசனை என்று இன்னொரு வரி. கரிசல் மண் ஜீப்பின் அச்சு வரைக்கும் ஏறினால் வாசனை நன்றாகவே தெரியும். இவ்வளவு எழுதியும் ஏப்ரலில் ஒருவரும் வருவதில்லை. ஜீப்புகளைக் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாயைப் போர்த்திவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் எங்கள் ஊரில் ஜீப்போடு தொடர்புள்ள ஒவ்வொருவனுக்கும் கல்யாணம் ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் நடக்கும். வழிகாட்டி, சமையல்காரன், கூடாரம் போடுகிறவன், டயருக்கு ஒட்டுப் போடுகிறவன், எல்லாருக்கும் அப்படித்தான். வீடு கட்டுவது, பல் பிடுங்குவது, பங்காளியோடு சண்டை போடுவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். பிள்ளைகள் எல்லாம் ஜனவரியில் பிறக்கும். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் ஜனவரி முழுக்கப் பிறந்தநாள் மிட்டாய் தின்றே குழந்தைகளுக்குப் பல் சொத்தையாகிவிடும்.

குவாண்டு எங்கள் கம்பெனியின் வழிகாட்டி. கராட்டு என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். ஜீப் ஓட்டிக்கொண்டே, முந்நூறு அடி தள்ளிப் புல்லுக்குள் சிறுத்தை காதை அசைப்பதைக் கண்டுபிடித்துவிடுவான். எதிரில் உட்கார்ந்திருக்கிற நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் மட்டும் அவனுக்குத் தெரியாது. எங்களுக்கு நிச்சயமாகி மூன்று வருடம். பரிசமாக அவன் வீட்டிலிருந்து வந்த ஆடுகள் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்டுவிட்டன. கல்யாணம்தான் நடக்கவில்லை.

முதல் தேதியை ஜூன் மாதம் குறித்தோம். ஏப்ரலை விட்டு ஜூன் என்று சொன்னவன் அவன்தான். ஜூனும் நல்ல மாதம்தான் என்றான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் செரெங்கெட்டிக் காட்டிலிருந்து போன் செய்து, தேனிலவுக்கு வந்த ஜோடி இன்னும் மூன்று நாள் இருக்கப் போகிறார்கள், என்ன செய்வது என்று வருத்தப்பட்டான். இரண்டாவது தேதி நவம்பர் கடைசியில். அப்போது பறவை பார்க்கும் கோஷ்டி ஒன்று ஒரு வாரம் கூடுதலாகத் தங்கிவிட்டது. வாடிக்கையாளர் தங்குகிறேன் என்றால் வழிகாட்டி மறுக்க முடியாது. அது எங்கள் தொழிலின் தலையெழுத்து. நான் அந்தத் தேனிலவு ஜோடியைத்தான் சபித்தேன். பறவை கோஷ்டியையும் ஆள் ஆளாகச் சபித்தேன்.

என் அப்பா, பாபா என்றுதான் கூப்பிடுவோம், மச்சாமேயில் இருக்கிறார். மலைச்சரிவில் வாழையும் காப்பியும். எங்கள் ஜனங்களில் கல்யாணம் என்றால் வாழைக்கள் இல்லாமல் முடியாது. பழுத்த பழத்தை வேகவைத்துப் பெரிய மரத்தொட்டியில் ஊறப்போட்டு, நாலைந்து நாள் கழித்து முளைகட்டிய கேழ்வரகைக் காய்ச்சி அதில் கலக்க வேண்டும். கேழ்வரகு விழுந்த மறுநாள் கள் தயார். அதற்கு அடுத்த நாள் குடித்தாக வேண்டும். பிறகு புளித்து, மாடுகூட முகர்ந்து பார்க்காது. பாபா இரண்டு தடவை தொட்டி நிறையக் கள் போட்டார். மாப்பிள்ளை இல்லாமலே ஊர் குடித்துத் தீர்த்தது.

மூன்றாவது தேதியை அவரே குறித்தார். ஏப்ரல் இருபத்தைந்து, சனிக்கிழமை. அந்த மாதத்தில் எந்த வெள்ளைக்காரனும் வரமாட்டான் என்று அவருக்கும் தெரியும். குவாண்டுவை எதிரில் உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தம்பி, மூணாவது தடவை கள்ளு போடறேன். அன்னைக்கு நீ வரலைன்னா, குடிக்க முதல்ல எவன் வர்றானோ அவன்தான் மாப்பிள்ளை."

எங்கள் ஊரில் கள் குடிக்க முதலில் வருகிறவர் லியிமோ. வயது அறுபத்திரண்டு. இரண்டு மனைவிகளைப் புதைத்தவர். பாபா என்னை லியிமோவுக்குக் கட்டி வைப்பார் என்று நான் பயப்படவில்லை. குவாண்டு கதையை அன்றோடு முடித்துவிடுவார் என்பது எனக்கு நிச்சயம். பாபா சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை. எனக்கோ அந்த மனிதன் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் ஹூக்ஸ்ட்ரா அம்மாள் எழுதினார்.

நெதர்லாந்துக்காரர். ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது, மார்ச் எப்படி என்று. மார்ச் கடிதத்தை அனுப்பினேன். பத்து நாள் கழித்து வேறொரு பெயரில், வேறொரு முகவரியிலிருந்து ஒரு கடிதம், ஆகஸ்ட் எப்படி என்று. ஆகஸ்ட் கடிதத்தை அனுப்பினேன். மூன்றாவது கடிதம் சொந்தப் பெயரில் வந்தது. இரண்டாவது முகவரி தன் தங்கையுடையது என்றும், மார்ச்சும் ஆகஸ்டும் ஒரே நேரத்தில் மிகச் சிறந்ததாக இருக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவராம். ஒரே வண்டி இரண்டு பிளாட்பாரத்தில் நிற்காது என்று தனக்குத் தெரியும் என்றார். எந்த மாதம் நல்லது என்று இனி உங்களைக் கேட்கப் போவதில்லை, எந்த மாதம் மோசம் என்று மட்டும் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு என் கல்யாண கவுனைத் தையற்காரி இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்துவிட்டு, நான்தான் பெருத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கோபத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

ஏப்ரலில் வராதீர்கள் என்று எழுதினேன். மழை காலை எட்டு மணிக்குப் பிடித்தால் சாயங்காலம்தான் விடும். பாதி விடுதிகள் மூடியிருக்கும். புல் இடுப்பளவு இருக்கும், சிங்கம் அதில் படுத்தால் சிங்கத்துக்கே வழி தெரியாது. கரிசலில் ஜீப் மாட்டினால் இழுக்க இன்னொரு ஜீப் வராது, ஏனென்றால் இன்னொரு ஜீப் இருக்காது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்த மாதத்தில் கல்யாணத்தில் இருப்பார்கள். எனக்கே ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி கல்யாணம்.

படித்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் நான் சொந்தமாக எழுதிய முதல் கடிதம். திருப்தியாக இருந்தது. அனுப்பிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலால் கெட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. பதினொரு கம்பெனிக்கு எழுதியதில் தனக்குக் கிடைத்த முதல் உண்மையான கடிதம் இதுதான் என்றார். வருடம் முழுக்க மற்ற மாதங்களை விற்கிறவர்கள் ஒரு மாதத்தை மட்டும் தங்களுக்கென்று ஒளித்து வைத்திருந்தால், அது மோசமான மாதமாக இருக்க வாய்ப்பில்லை என்றார். ஆகவே ஏப்ரல் பத்தொன்பது முதல் இருபத்துநாலு வரை வருகிறாராம். வழிகாட்டியாக குவாண்டுதான் வேண்டும், இணையத்தில் அவரைப் புகழ்ந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றார்.

நான் அதைப் பலாங்கியோவிடம் காட்டாமல் அழித்திருக்க வேண்டும். ஆனால் முன்பதிவுக் கடிதம் எது வந்தாலும் அவர் கம்ப்யூட்டரிலும் வரும். அறையிலிருந்து அவர் பாடிக்கொண்டே வெளியே வந்தார். அவருடைய பசுமைக் காலத்துக்கு ஆறு வருடத்தில் முதல் ஆள்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணக் கமிட்டியின் தலைவர் பலாங்கியோதான். கமிட்டி இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் கூடி, பந்தல் யார், பாட்டு யார், ஆடு யார் என்று அவர்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். அந்த மனிதரிடம் போய், மாப்பிள்ளையை அந்த வாரம் காட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கிழமை வந்துடறான். சனிக்கிழமை கல்யாணம். நடுவுல ஒரு ராத்திரி முழுசா கெடக்கே" என்றார் பலாங்கியோ. "கமிட்டித் தலைவரா எனக்கு அதுல ஆட்சேபணை இல்லை."

குவாண்டுவாவது முடியாது என்பான் என்று பார்த்தேன். பாஸ் சொன்னால் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே தார்ப்பாயை உருவினான். முகத்தில் கவலையைத் தேடினேன். காணவில்லை. அவனுக்கு எதற்கும் கவலை வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் பெய்த மழையை மழை என்று சொல்லக் கூடாது. நான் லீவு போட்டுவிட்டு மச்சாமேக்கு வந்துவிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் சித்திகளும் அத்தைகளும் பின்கட்டில் உட்கார்ந்து கூட்டுக்கு வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். பாபா கேழ்வரகுக் கஞ்சியை ஆற வைத்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது என் போன் அடித்தது. எங்கள் வீட்டில் கோழிக்கூட்டின் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். கோழிகளோடு ஒதுங்கி நின்று எடுத்தேன். ஹூக்ஸ்ட்ரா அம்மாள்.

"மிஸ் அய்க்கா, ஒரு விவரம் வேணும். இன்னைக்குச் சேத்துல அஞ்சு மணி நேரம் போச்சு. அதுக்கு ஈடா ரெண்டு நாள் இலவசமா தங்க வெக்கிறது உங்க கம்பெனி வழக்கமா?"

அப்படி ஒரு வழக்கமே கிடையாது, யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்க வழிகாட்டி. மாப்பிள்ளை தான்தான்னு வழியில அவரே சொன்னார். அப்போ சனிக்கிழமை கல்யாணமாச்சேன்னு கேட்டேன். ஜூன்ல வெச்சுக்கலாம், ஜூனும் நல்ல மாசம்தான்னு சொல்றார்."

ஒரு கோழி என் காலை மிதித்துக்கொண்டு போனது.

அவர் தொடர்ந்தார். இணையத்தில் குவாண்டுவைப் புகழ்ந்தவர்கள் ஒன்று அந்தத் தேனிலவு ஜோடி, இன்னொன்று பறவை கோஷ்டி. இரண்டிலும் ஒரே வரி இருக்கிறதாம், நாங்கள் கேட்காமலேயே கூடுதல் நாட்களை அவராகவே தந்தார் என்று. தாராள மனசு என்று நினைத்துத்தான் அவனைக் கேட்டு வாங்கினாராம். முன்பு தள்ளிப்போன கல்யாணத் தேதிகள் எப்போது என்று இப்போது ஜீப்பிலேயே அவனிடம் கேட்டு, அந்தக் கூடுதல் நாட்களுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாராம். "ரெண்டு வண்டியும் ஒரே இடத்துலதான் தடம் புரண்டிருக்கு" என்றார்.

அவனிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

"ஜீப்புக்கு அடியில படுத்திருக்கார். ஒரு மணி நேரமா. ஜீப்புக்கு ஒண்ணுமில்லைன்னு விடுதி மெக்கானிக் சொல்றார்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "அட்டவணைப்படி நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் புறப்படணும். ஆறு மணிக்குப் புறப்படும். அது என் பொறுப்பு. மத்தது உங்களோடது."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மூன்று வருடம் கழுவுற மீனில் நழுவுற மீனாக இருந்திருக்கிறான், நான் யாரோ பாவப்பட்ட வெள்ளைக்காரர்களைச் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைப் பிடிக்கவில்லை என்றால் முதல் வருடமே சொல்லித் தொலைத்திருக்கலாம். அழுகை அதற்குப் பிறகு, வாழைக்காய் உரிக்கும்போது வந்தது. வாழைக்காய்க்குக் கண்ணீர் வராதே, அது வெங்காயத்துக்குத்தானே என்று சித்தி ஆச்சரியப்பட்டாள்.

பாபா கஞ்சிப் பானையைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் வைத்தார். அதை ஊற்றிவிட்டால் பிறகு கள் காத்திருக்காது. என் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்தட்டுமா, வேண்டாமா?" என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். லியிமோ மட்டும் வருத்தப்பட்டிருப்பார்.

"ஊத்துங்க பாபா" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஜீப் வாழைத்தோப்புக்குள் வந்து நின்றது. எது ஜீப், எது சேறு என்று தெரியவில்லை. முதலில் இறங்கியவர் ஹூக்ஸ்ட்ரா அம்மாள். அருஷாவில் இறங்கியிருக்க வேண்டியவர், அவனைத் தனியாக அனுப்ப நம்பிக்கை இல்லாமல் மச்சாமே வரைக்கும் கூடவே வந்திருந்தார். கழுத்து வரைக்கும் சேறு. கைக்கடிகாரத்தைத் துடைத்துப் பார்த்து, பதினேழு நிமிடம் தாமதம் என்று மன்னிப்புக் கேட்டார். அத்தைகள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

குவாண்டு மறுபக்கமாக இறங்கி, சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பாபா அங்கேயே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கள்ளைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவன் வந்து நின்றதும் மழையைப் பற்றி ஆரம்பித்தான். கை காட்டி நிறுத்தினேன்.

"என்னைப் பிடிக்கலையா?"

பிடிக்கும் என்றான். யோசிக்காமல் சொன்னான். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

"அந்தம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன் இல்ல, ஏப்ரல்ல என்னென்ன மோசம்னு? அதே மாதிரி உன்னைப் பத்திச் சொல்லு. நல்லது ஒண்ணும் வேண்டாம்."

பூட்ஸில் இருந்த சேற்றை வழித்தான். மழை வாழையிலையில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு தரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இருக்க மாட்டான். இருக்கிற இரண்டு மாதமும் பாதி நேரம் தூங்குவான். லீவிலும் நாலு மணிக்கு எழுந்து சத்தம் போடுவான். நாள் முழுக்கக் காட்டில் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தால் பேசப் பிடிக்காது. முந்நூறு பேர் பார்க்க மேடையில் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே ஓடிப்போகத் தோன்றுகிறது. சிங்கத்துக்கு முன்னால் டயர் மாற்றியிருக்கிறான், அப்போதெல்லாம் இப்படி இல்லை.

"அப்புறம்?" என்றேன்.

"எங்கப்பா லாரி ஓட்டினாரு. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வருவாரு. வந்தா கோழி அடிப்பாங்க. சாப்பிட்டுட்டுப் போயிடுவாரு. ஆறு வயசு வரைக்கும் நான் அவரை விருந்தாளின்னுதான் நெனச்சுட்டிருந்தேன், அய்க்கா. நம்ம புள்ளையும் என்னை அப்படித்தான் பாக்கும். ஒவ்வொரு தடவையும் தேதி நெருங்கினா அதுதான் ஞாபகம் வருது. தள்ளிப் போட்டா கொஞ்சம் மூச்சு வருது."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் துவட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது இவனைப் பார்த்துச் சொன்னதுதான்.

"உன்னோட பத்து மாசத்தை வித்ததே நான்தான்டா" என்றேன். "ஒன்பது வருஷமா எந்த நாள் நீ எந்தக் காட்டுல, எந்த விடுதியில, யாரோட இருக்கேன்னு எழுதி வெக்கிறவ நான். எனக்குத் தெரியாத ஒரு நாளைச் சொல்லு பாப்போம். எல்லாம் தெரிஞ்சுதான் மூணு தடவை கள்ளு போடச் சொன்னேன்."

அவன் நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாபா சுரைக்குடுவையில் கொஞ்சம் மொண்டு குடித்துப் பார்த்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"பதமா இருக்கு" என்றார். "ஆளைக் குளிக்கச் சொல்லு."

மறுநாள் கல்யாணம் நடந்தது. தகரக் கூரையில் அடித்த மழையில் போதகர் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் அசைந்து நின்றபோது நாங்கள் இருவரும் ஆமாம் என்று தலையாட்டினோம். குவாண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், அன்பினால் பாதி, ஓடிவிடாமல் இருக்கப் பாதி. முழு ஆட்டைச் சுட்டு, வாயில் கீரைக்கட்டு வைத்து, கேக் மாதிரி அலங்கரித்து மேடைக்குக் கொண்டுவந்தபோது அவன் கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பலாங்கியோ கமிட்டித் தலைவராக எழுந்து, பசுமைக் காலத்தின் சிறப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். லியிமோ எல்லாருக்கும் முன்னால் வந்து, எல்லாருக்கும் பின்னால் போனார். ஹூக்ஸ்ட்ரா அம்மாள் அத்தையின் கவுனைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து மூன்று குடுவைக் கள் குடித்தார். நிகழ்ச்சிகள் எத்தனை நிமிடம் பின்தங்குகின்றன என்று குறித்துக்கொண்டிருந்தவர், மூன்றாவது குடுவைக்குப் பிறகு குறிப்பதை விட்டுவிட்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினார். என் கடிதத்தை அப்படியே போட்டு, இந்தக் கம்பெனியில் உண்மை சொல்கிறார்கள், வராதீர்கள் என்றார்கள், போனேன், வாழ்க்கையில் பார்த்த மிகச் சிறந்த ஆறு நாட்கள் என்று முடித்திருந்தார். பலாங்கியோ அதைப் படித்துவிட்டு, தன் ஏப்ரல் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். இனி ஏப்ரலைப் பற்றிக் கேட்கிற எல்லாருக்கும் அய்க்காவின் கடிதம்தான் போக வேண்டும் என்று உத்தரவு. நானும் ஒரு நாளைக்கு நாலு பேருக்கு, வராதீர்கள், சேறு, புல், மழை என்று அனுப்பினேன். ஒவ்வொருவரும் உடனே பதில் எழுதினார்கள். எப்போது வரலாம் என்று.

ஜனவரியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஊர் வழக்கத்தை மீறவில்லை. அந்த ஏப்ரலுக்கு ஒன்பது முன்பதிவு, மே மாதத்துக்கு ஏழு. எல்லாரும் குவாண்டுதான் வேண்டும் என்றார்கள். எங்கள் முதல் கல்யாண நாளன்று அவன் தெற்குச் சமவெளியில் ஜீப்புக்கு அடியில் இருந்தான். இந்தத் தடவை ஜீப்புக்கு நிஜமாகவே கோளாறு. இடையிடையே ஓர் இரவு வருவான், துணி துவைத்துப் போடுவதற்குள் கிளம்பிவிடுவான். ஜூன் மாதம் ஒரு நாள் நின்று நிதானமாகப் பிள்ளையைத் தூக்கினான். அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டு, என்னை நோக்கிக் கையை நீட்டி அழுதாள்.

அவன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, போய்ப் படியில் உட்கார்ந்தான். கோழி அடிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்று எனக்கும் தோன்றியது, அவனுக்கும் தோன்றியது.

நான் அன்றைக்கே முடிவு செய்தேன். குப்பைக்குப் போன பலாங்கியோவின் பழைய கடிதம் என் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் இருந்தது. அதை எடுத்து இன்னும் கொஞ்சம் மெருகேற்றினேன். ஏப்ரல், வருடத்தின் மிகச் சிறந்த காலம். பட்டு விரித்தாற்போல் பசுமை. இதமான சாரல். கூட்டமே இருக்காது. மண் வாசனை. யார் ஏப்ரலைப் பற்றிக் கேட்டாலும் இதையே அனுப்பினேன். பலாங்கியோ பார்த்துவிட்டுக் கேட்டபோது, உங்கள் எழுத்துக்கு முன்னால் என் எழுத்து நிற்குமா பாஸ் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் வரவில்லை.

இப்போது ஏப்ரல். ஜீப்புக்குத் தார்ப்பாய் போர்த்தியாகிவிட்டது. காலை நாலு மணிக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறான். அவன் பின்னாலேயே மகளும் எழுந்து இன்னொரு பாத்திரத்தை உருட்டுகிறாள். அவனை பாபா என்று கூப்பிடுகிறாள். கோழியையும் பாபா என்றுதான் கூப்பிடுகிறாள், அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஹூக்ஸ்ட்ரா அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. இந்த வருடம் ஏப்ரலில் மறுபடி வரலாமா என்று தங்கை முகவரியிலிருந்து கேட்டிருந்தாராம். பட்டு விரித்தாற்போல் பசுமை என்று பதில் வந்ததாம். "மிஸ் அய்க்கா, உங்கள் கடிதத்தில் ஏதோ தவறு இருக்கிறது. வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்டிருந்தார்.

நலம்தான், ஏப்ரலில் குவாண்டு வீட்டில் இருக்கிறார் என்று பதில் எழுதினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. புரிந்தது, அப்படியானால் நான் ஆகஸ்டில் வருகிறேன், ஆகஸ்ட் எப்படி என்று கேட்டிருந்தார்.

வருடத்தின் மிகச் சிறந்த காலம் என்று எழுதினேன்.